ஓவனில் வான்கோழி, சாலையில் மார்னி

மார்னி தோர்சன் மறுபடியும் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நடுத்தட்டை முழுக்க அடைத்துக்கொண்டு வான்கோழி மல்லாந்து கிடந்தது. உப்பும் கொஞ்சம் பேக்கிங் பவுடரும் கலந்து தேய்த்து, மூடாமல் இரண்டு நாள் குளிரில் விட்டிருந்தாள். தோலின் ஈரமெல்லாம் வற்றி, விரல் பட்டால் எண்ணெய்க் காகிதம் போலச் சரசரத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது. இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது என்றால், தப்பு இனிமேல்தான் வரப்போகிறது.

"இப்படித் தொறந்து தொறந்து மூடினா அதுக்கு ஜலதோஷம் பிடிச்சுடும்" என்றார் மேஜையருகே உட்கார்ந்திருந்த ஹார்லன்.

"நீங்க பேப்பரைப் படிங்க."

"படிச்சாச்சு. எல்லாம் தள்ளுபடி விளம்பரம்."

ஹார்லன் அவளுடைய மாமனார். அதாவது, போன வருஷம் வசந்தகாலம் வரை மாமனார். அவருடைய மகன் கிளென்னும் மார்னியும் பிரிந்து, நீதிமன்றத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் அந்தக் காகிதத்தில் தன் பேர் எங்குமே இல்லை என்பது ஹார்லனின் கட்சி. தேங்க்ஸ்கிவிங் பண்டிகையன்று காலையில் கடையில் வாங்கிய பூசணிப் பை என்ற இனிப்புப் பண்டமும் ஒரு டப்பா கிரான்பெர்ரி ஜெல்லியுமாகத் தன் பழைய காரில் வந்து இறங்கிவிட்டார். கிளென்னும் அவரை அழைத்துத்தான் இருந்தான். அங்கே கிளென்னின் புது மனைவி ஷெரி பன்றித்தொடை சுடுகிறாள்.

மார்னிக்கு இது முதல் வான்கோழி. இருபது வருஷக் குடித்தனத்தில் கோழி கிளென்னின் ராஜ்ஜியமாக இருந்தது. அரைமணிக்கு ஒருதரம் ஓவனைத் திறந்து, வழிந்த நெய்யைக் கரண்டியால் மேலே ஊற்றுவான். ஒவ்வொரு தடவையும் சூடு குப்பென்று வெளியே போகும். தோல் கடைசிவரை ஈரத்துணி போல் தொய்ந்திருக்கும். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். மார்னிக்கு அதைச் சூடாகச் சாப்பிட வாய்த்ததே சில வருஷங்கள்தான். அவள் கவுண்டி நிர்வாகத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். மினசோட்டாவின் வடக்கே, ஏரிக்கரை நெடுஞ்சாலை அவள் பொறுப்பு. பனிக்குப் பண்டிகை தெரியாது. கூப்பிட்டால் போக வேண்டும்.

இந்த வருஷம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், யாரிடம் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்றைக்கு ஒருநாள் மட்டும் வானம் சும்மா இருக்கட்டும். மகள் டெஸ் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். மதியம் அப்பா வீட்டில், சாயங்காலம் அம்மா வீட்டில் என்று முடிவாகியிருந்தது. "நீ கஷ்டப்படாதம்மா, சும்மா சிக்கன் போதும்" என்று போனில் சொல்லியிருந்தாள். பாசமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அந்தச் 'சும்மா' மார்னியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

ஓவனில் வைக்குமுன் நெஞ்சுப்பகுதியின் மேல் ஐஸ் பையை வைத்தாள். கால் வேகும் நேரத்துக்குள் நெஞ்சு காய்ந்துவிடும். அதனால் நெஞ்சைக் குளிரவைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தாற்போல் வேகும் என்று எங்கோ படித்திருந்தாள். பிறகு பையை எடுத்துவிட்டு, தோலுக்கும் கறிக்கும் நடுவே விரல்களை மெல்ல நுழைத்து வெண்ணெயைத் தடவினாள். தோல் எங்கேயும் கிழியவில்லை. கம்பித் தெர்மாமீட்டரை நெஞ்சில் குத்தி, அதன் ஒயரைக் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்து, எண் காட்டும் பெட்டியை அடுப்பு மேடையில் நிறுத்தினாள். கதவை மூடினாள்.

ஜன்னலைப் பார்த்தாள். ஏரிக்கு மேலே வானம் ஈயம்போல் கனத்துக் கிடந்தது.

"பனி வராது" என்றார் ஹார்லன், அவள் பார்வையைப் பார்த்து.

"பனி வர்றதுக்கு முன்னாடி வலிக்குமே, உங்க முழங்கால் என்ன சொல்லுது?"

"அது பொய் சொல்லும்."

"என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"வரும்னு சொல்லுது" என்று ஒத்துக்கொண்டார்.

வந்தது. முதலில் மாவு சலித்ததுபோல் சன்னமாக வந்தது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அஞ்சல்பெட்டி மறைந்துவிட்டது. வீட்டுக்குள் வெண்ணெயும் தோலும் வறுபடும் வாசனை அப்போதுதான் எழ ஆரம்பித்திருந்தது. மார்னி ஓவன் கண்ணாடி முன் மண்டியிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் இன்னும் வெளுப்பாகவே இருந்தது. இறக்கைமுனையில் மட்டும் லேசான தங்கநிறம். அந்த நேரத்தில்தான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டிப்போவில் ரேடியோவைக் கவனிக்கும் ஆர்விட்.

"மார்னி, சொல்லவே சங்கடமா இருக்கு."

"அப்போ சொல்லாதே."

"ஏரிக்கரை ரோடு மூடிக்கிட்டே வருது. லாயிட் காய்ச்சல்ல படுத்திருக்கான். வேற ஆளு இல்ல."

மார்னி கண்ணாடியையே பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு நெய் தட்டில் விழுந்து சுர்ரென்றது. "வரேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டு ஹார்லனைப் பார்த்தாள். எழுபத்தொன்பது வயதில், அறுவைசிகிச்சை அறைக்குள் தள்ளிவிடப்பட்டவர் போல அவர் முகம் வெளிறிவிட்டது.

"நானா? மார்னி, எனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது."

"நீங்க எதுவும் செய்ய வேணாம். அதுதான் வேலை. இந்தப் பெட்டியில நூத்தைம்பத்தஞ்சு டிகிரி வந்தா அது கத்தும். வெளியே எடுத்து மேஜைமேல வைங்க. அவ்வளவுதான். நடுவுல கதவைத் தொறக்கக் கூடாது."

"தொறக்கக் கூடாது."

"என்ன ஆனாலும்."

"தீப்பிடிச்சா?"

"தீப்பிடிச்சாத் தொறக்கலாம்" என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

நெடுஞ்சாலையில் கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. லாரியின் முன்தகடு பனியை உழுது வலப்பக்கம் அலையாக வீசியது. பின்னால் உப்பு சிதறிக்கொண்டே வந்தது. வேறு நாளாக இருந்தால் இந்த ஓட்டத்தில் மார்னியின் மனசு அடங்கிவிடும். இன்று அடங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஓவன் ஞாபகம் வந்தது. கோழியின் காலுக்கு அடியில் வெங்காயம் வைத்தோமா? வைத்தோம். வயிற்றுக்குள் இருந்த ஈரல் பொட்டலத்தை எடுத்தோமா? எடுத்தோம், எடுத்து எங்கே வைத்தோம்? ஒரு மைல் தூரத்துக்கு அந்தப் பொட்டலத்தை மனசுக்குள் தேடினாள்.

ஹார்லன் கூப்பிட்டார்.

"எண்ணு நகரவே மாட்டேங்குது."

"நகரும்."

"ரொம்ப நேரமா ஒரே இடத்துல நிக்குது. பெட்டி கெட்டுப்போச்சோ?"

"அது அப்படித்தான் நின்னு நின்னு ஏறும். நீங்க எங்க உக்காந்திருக்கீங்க?"

"அதுக்கு முன்னாடிதான். நாற்காலி போட்டு."

"டி.வி. பாருங்க, ஹார்லன். ஆட்டம் ஓடிட்டிருக்கும்."

"ஆட்டத்துல இவ்வளவு டென்ஷன் இல்ல."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "ஒரே ஒருதரம் தொறந்துட்டேன்."

"ஹார்லன்!"

"உள்ள என்னமோ வெடிச்ச சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா கொழுப்புதான். உடனே மூடிட்டேன். உன்கிட்ட மறைக்க மனசு வரல."

மார்னிக்குக் கோபம் வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை, வந்த வேகத்தில் போய்விட்டது. டெஸ் கிளம்பும் நேரம் ஆகியிருக்கும். அவள் இந்தச் சாலையில்தான் வர வேண்டும். வராதே என்று சொல்லலாமா என்று போனைப் பார்த்தாள். சொன்னால், பனியைச் சாக்குவைத்து இந்த வருஷமும் அம்மாவின் மேஜை காலியாகும். சொல்லாவிட்டால்? அந்த யோசனை அவளுக்கே அசிங்கமாக இருந்தது. மகளுடைய பாதுகாப்பையும் ஒரு கோழியையும் ஒரே தராசில் வைப்பதா? டெஸ்ஸைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மனசு தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. வண்டியின் வேகத்தைக் கூட்ட முடியாது, கூட்டினால் அவளே பள்ளத்தில் கிடப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வலிக்கும்வரை இறுக்கிக்கொண்டு அதே வேகத்தில் போனாள்.

பாலத்தைத் தாண்டி, பிர்ச் மரங்கள் நெருங்கும் வளைவில் மஞ்சள் விளக்கு இரண்டு மினுக்கின. சிவப்பு பிக்கப் வண்டி ஒன்று சாலையோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அந்தச் சிவப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். கிளென்னின் அந்த வண்டிக்குப் பாதிக்காசு அவளுடையது.

லாரியை நிறுத்திக் குதித்தாள். டெஸ் சாலையோரம் மெல்லிய துணிக்காலணியோடு, மடித்த கைகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மார்னி அவளை இரண்டு தோளிலும் பிடித்து மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்கயாவது அடிபட்டுதா?"

"இல்லம்மா. அப்பாவோட மரியாதைக்குத்தான் அடி" என்றாள் டெஸ். பற்கள் கிடுகிடுத்தன. "போன் கால்கிட்ட எங்கயோ விழுந்துடுச்சு. எடுக்க முடியல."

கிளென் பள்ளத்திலிருந்து ஏறி வந்தான். கால்சராய் முழங்கால்வரை நனைந்திருந்தது. "ஒரு மான் குறுக்க வந்துச்சு" என்றான்.

"மான் வரல" என்றாள் டெஸ்.

"வந்தாப்ல இருந்துச்சு."

"எதுக்கு நீ ஓட்டிட்டு வந்தே?" என்று மார்னி கேட்டாள். "அவளுக்குத்தான் கார் இருக்கே?"

"இந்தப் பனியில அவளைத் தனியா விடுறதா?" என்றான் கிளென். சொல்லிவிட்டுப் பள்ளத்தில் கிடந்த தன் வண்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

ரேடியோவில் ஆர்விட்டைக் கேட்டாள். இழுவை வண்டி இன்று வராது, ஆட்களை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வீட்டில் இறக்கிவிடு என்றார். "பக்கத்துல யார் வீடு?" என்று கேட்டார்.

"என் வீடு" என்றாள் மார்னி.

"நல்லா இருங்க எல்லாரும்" என்றது ரேடியோ.

மூவரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நடுவில் டெஸ். ஹீட்டர் காற்று கிளென்னின் ஈரக் கால்சராயில் பட்டு நாய்க்குட்டி வாசனை வந்தது. மார்னி தகட்டை இறக்கிக் கிளம்பினாள். முன்னால் பனி பிளந்து வழிவிட்டது.

"தகட்டை இன்னும் கொஞ்சம் சாய்ச்சா..." என்று ஆரம்பித்தான் கிளென்.

மார்னி திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டான். "எல்லா வருஷமும் இந்த ரோட்டுலதான் இருந்தியா?"

"வேற எங்க இருந்தேன்னு நெனச்சே?"

"இல்ல. இங்க இப்படி இருக்கும்னு நெனச்சதில்ல." கண்ணாடியில் மோதிச் சிதறும் பனியைக் காட்டினான். "வேலைக்குப் போறேன்னு சொல்லுவே. நான் டிப்போவுல காப்பி குடிச்சிட்டிருப்பேன்னு நெனச்சுக்குவேன். எனக்குக் கோபமா இருக்கும்."

"எனக்கும்தான் இருந்துச்சு" என்றாள் மார்னி. டெஸ் இருவருக்கும் நடுவே தன் விரல்நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. ஹார்லன் கத்தினார். "பெட்டி கத்துது! எடுத்துட்டேன்! எடுத்து வெச்சுட்டேன் மார்னி!"

"நல்ல காரியம். அப்படியே விடுங்க."

"கவலப்படாதே. ஆறாம இருக்க நான் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"என்ன ஏற்பாடு?" என்று மார்னி கேட்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

சமையலறைக்குள் நுழைந்தபோது ஏற்பாடு தெரிந்தது. வான்கோழியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, அதற்குமேல் அவளுடைய இரண்டு குளியல் துண்டுகளைப் போர்த்தி, பச்சைக்குழந்தையைப் போலக் கிடத்தியிருந்தார். பக்கத்திலேயே பெருமையோடு நின்றார். கூடவே கிளென் வருவதைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "இவன் எங்க இங்க?"

"பள்ளத்துல இருந்தான்" என்று சொல்லிக்கொண்டே மார்னி துண்டுகளை விலக்கித் தாளைப் பிரித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. நிறம் என்னவோ நல்ல தேன்நிறம். ஆனால் தோல், தண்ணீரில் ரொம்ப நேரம் ஊறிய விரல் மாதிரிச் சுருங்கி, நசநசவென்று கறியோடு ஒட்டிக் கிடந்தது. விரலால் அழுத்தினாள். குழிந்தது, மீளவில்லை.

ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சூடு போகக் கூடாதுன்னு..."

"தெரியும்" என்றாள் மார்னி. இரண்டு நாள் உலர்த்தியதெல்லாம் வீண். டெஸ் "பரவாயில்லம்மா, உள்ள நல்லாத்தானே இருக்கும்" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'தான் அவளைக் கிளப்பிவிட்டது. சட்டென்று திரும்பி ஓவனின் சூட்டைக் கடைசிவரை திருகினாள்.

"என்ன பண்ணப் போறே?" என்றான் கிளென்.

"மறுபடி உள்ள வைக்கப் போறேன்."

"வெந்த கோழியையா? நெஞ்சு காஞ்சு மரத்தூளாப் போயிடும். நான் எத்தனை வருஷம்..."

"நீ பண்ணின எல்லா வருஷமும் தோல் இப்படித்தான் இருந்துச்சு, கிளென்" என்றார் ஹார்லன். "என் பல்லு அசல் பல்லா இருந்த காலத்துலயே அதை மெல்ல முடியல."

கிளென் ஏதோ சொல்ல வாயெடுத்து டெஸ்ஸைப் பார்த்தான். டெஸ் கூரையைப் பார்த்தாள். "ஒருத்தருமே சொன்னதில்லையே" என்றான்.

"பண்டிகை நாளு. யாரு சொல்லுவா?"

மார்னி காகிதத்துண்டால் தோலை ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். தட்டில் இறங்கியிருந்த சாற்றைக் கிரேவிக்கு வடித்து டெஸ்ஸிடம் கொடுத்தாள். கறிக்குள் சாறு நன்றாக அடங்கிவிட்டது, மேலே மட்டும் சூடு பட்டால் உள்ளே போகுமுன் எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கணக்குத் தப்பினால் கோழி போச்சு. ஓவன் கனன்றதும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, கண்ணாடி முன் மண்டியிட்டாள். ஹார்லன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டெஸ் தாத்தாவின் தோள்மேல் குனிந்தாள். கிளென் ஈரக் காலுறைகளோடு எல்லாருக்கும் பின்னால் நின்றான். கிரேவியைக் கிளறக்கூட ஆள் இல்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நெஞ்சின் உச்சியில் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. தோல் மெல்ல இழுபட்டு விறைத்தது. படபடவென்று பொரியும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. தேன்நிறம் கண்முன்னாலேயே செம்மர நிறமாக மாறியது.

"எடு, எடு!" என்றார் ஹார்லன்.

"இன்னும் கொஞ்சம்."

"மார்னி, கருகிடும்" என்றான் கிளென்.

"இன்னும் கொஞ்சம்னு சொன்னேன்ல?" கை ஓவன் கதவின் பிடியிலேயே இருந்தது. இறக்கைமுனையில் கருப்பு தட்டத் தொடங்கிய கணத்தில் இழுத்துவிட்டாள்.

மேஜைமேல் வைத்துக் கரண்டியின் முதுகால் தட்டினாள். டொக்கென்றது. டெஸ் கைதட்டினாள். கிளென் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்துவிட்டான். எடுத்தபிறகுதான் யார் வீடு என்று உறைத்தது. பிடிப்பக்கத்தை மார்னியிடம் நீட்டினான்.

வெந்த கோழியை அவள் துண்டுபோட்டதே கிடையாது. துண்டு துண்டாக, கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனால் கத்தி தோலில் இறங்கும்போது நொறுங்கியது. உள்ளே வெள்ளைக்கறியிலிருந்து சாறு கசிந்து பலகையில் ஓடியது. ஹார்லன் ஒரு துண்டைக் கையாலேயே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். டெஸ் இரண்டாம் தடவை தட்டை நீட்டும்போது, "மதியம் பன்றித்தொடை தின்னவ மாதிரி இல்லையே நீ" என்றாள் மார்னி.

"அதைச் சும்மா தொட்டுட்டு வந்தேன்மா. வயித்துல இடம் வெச்சுட்டு."

கிளென் அதைக் கேட்டும் கேட்காதவன்போல் மென்றுகொண்டிருந்தான். பிறகு தன் அப்பாவிடம், "என் வீட்டுக்கு வராம நீங்க ஏன் இங்க வந்தீங்கன்னு எனக்கு இன்னும் புரியல" என்றான். சண்டைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

"உங்கம்மா போனதுக்கப்புறம் என் வீட்டு வாசல்ல பனியைத் தள்ளிவிடுறது யாருன்னு நெனக்கிறே?" என்றார் ஹார்லன்.

"பக்கத்து வீட்டுப் பையன்னு சொன்னீங்களே?"

"நீ கேக்காத வரைக்கும் பையன்தான்."

கிளென் மார்னியைப் பார்த்தான். மார்னி கிரேவியை நகர்த்தி வைத்தாள். கிளென் ரொம்ப நேரம் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அவள் உட்கார்ந்து ஐந்து வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டாள், ஆர்விட் மறுபடியும் கூப்பிட்டார். ஏரிக்காற்று திரும்பிவிட்டது, அவள் சுத்தம் செய்த இடமெல்லாம் மறுபடி மூடுகிறது. மார்னி எழுந்து கோட்டை மாட்டினாள். டெஸ் கோழிக்கால் ஒன்றை முறித்துத் தாளில் சுற்றி அம்மாவின் கோட்டுப்பையில் திணித்தாள். "வர்ற வரைக்கும் முழிச்சிருப்பேன்" என்றாள். "நீ வராம பூசணிப் பையைத் தொடமாட்டோம்."

"அப்பாவோட கார்ல நான் எப்பக் கிளம்பலாம்?" என்று கேட்டான் கிளென். "ஷெரி காத்துட்டிருப்பா."

"நான் ரோட்டைத் தொறந்து விட்டப்புறம்" என்றாள் மார்னி. "போன் பண்ணிச் சொல்லு. நேரமாகும்னு."

லாரியில் ஏறி உட்கார்ந்தவள் உடனே கிளம்பவில்லை. மடியில் தாளைப் பிரித்தாள். தோல் இன்னும் மொறுமொறுவென்றே இருந்தது. கடித்துக்கொண்டே சமையலறை ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே கிளென் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, வறுத்த பெரிய தட்டைத் தொட்டியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஹார்லன் நின்று, தேய்க்காமல் விட்ட இடத்தையெல்லாம் விரலால் காட்டிக்கொண்டிருந்தார். டெஸ் எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். சத்தம் இங்கே கேட்கவில்லை.

"மார்னி, எங்க இருக்கே?" என்றது ரேடியோ.

"கிளம்பிட்டேன்" என்றாள். எலும்பைத் தாளில் சுற்றி வைத்து, விரலைக் கால்சராயில் துடைத்துவிட்டு, தகட்டை இறக்கினாள்.